நாலாம் வரிசைக்கு யானை

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் மூச்சு விடவில்லை.

இதைக் கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சதுரங்கம் ஆடுகிறவன் எதிராளியின் முகத்தைப் பார்ப்பான், கையைப் பார்ப்பான். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க அவன் என்ன டாக்டரா? ஆனால் எதிரே இருந்த லியோனுக்கு மூக்கில் ஒரு 'கர்' சத்தம் உண்டு. அன்று காலை முழுக்க அது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அது நின்ற பிறகுதான் நிமிர்ந்தேன்.

சட்டைப் பொத்தான் அசையவில்லை. உதடு இறுக மூடியிருந்தது. கண் பலகை மேல்தான் இருந்தது, ஆனால் பலகையைப் பார்க்கிற கண் அல்ல அது. இரண்டு கையும் மேஜைக்குக் கீழே. ஆட்டக் கடிகாரத்தில் அவர் பக்கத்து முள் மட்டும் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். மாவட்டப் போட்டியின் கடைசி ஆட்டம். எழுபதுகளில் ஒரு வருஷம். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் ஊரையே தூசியாக்கிக்கொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிக்காலம் போய் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நண்பகலுக்கு இன்னும் சில நிமிஷம் பாக்கி.

இந்தத் தொடரை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஆயுசு பூராவும் ஆய்வுக்கூடத்தில் உப்பை நிறுத்துப் பார்த்தவன். பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிப்பட்டவன் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

என் வீம்பு

நான் நாசரேத்துக்காரன், புராட்டஸ்டண்ட் குடும்பம். அப்பா தலைமையாசிரியர். வீட்டில் ஜெபம், படிப்பு, மறுபடியும் ஜெபம். சதுரங்கம் சோம்பேறிகளின் வேலை என்று அப்பா சொன்னதாலேயே எனக்கு அது பிடித்துப்போனது. சாகுபுரத்துத் தொழிற்சாலையில் கெமிஸ்டாகச் சேர்ந்த பிறகு, ஷிப்ட் முடிந்தால் பலகை, பலகை முடிந்தால் ஷிப்ட் என்றுதான் என் நாள் ஓடும்.

நன்றாக ஆடுவேன். ஆனால் எனக்குத் தோற்கத் தெரியாது. தோற்ற அன்று சோற்றில் உப்பில்லை என்று மனைவி கிரேஸிடம் சண்டை பிடிப்பேன். "உப்புத் தொழிற்சாலைக்காரருக்கு உப்பு பத்தலையாம்" என்று அவள் சிரித்துக்கொண்டே ஊறுகாயை எடுத்து வைப்பாள்.

அந்த வருஷம் மாவட்டப் போட்டியில் நான் அரைப் புள்ளி முன்னால் இருந்தேன். அடுத்து நின்றவர் லியோன். கடைசி ஆட்டம் எங்கள் இருவருக்கும். டிரா ஆனால் கோப்பை எனக்கு. லியோன் வென்றே ஆக வேண்டும்.

அவருக்கு வேண்டியது கோப்பை அல்ல, வேலை. துறைமுகக் கட்டுமானத்தில் இருந்த ஒரு கம்பெனி தன் விளையாட்டுக் குழுவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. "மாவட்டச் சாம்பியனா வாரும்வே, மறுநாளே ஆபீஸ்ல நாற்காலி போட்டுருதேன்" என்று அதன் மானேஜர் எல்லார் முன்னாலும் லியோனிடம் சொல்லியிருந்தார். எனக்கும் தெரியும். எனக்கு வேலை இருந்தது. வேண்டியது கோப்பைதான்.

அந்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்க வேண்டியது. நான்தான் முட்டுக்கட்டை போட்டேன். ஓய்வுநாளில் காயைத் தொட மாட்டேன் என்று நின்றேன். பக்தி என்று நினைக்காதீர்கள், வெறும் வீம்பு. லியோன் கத்தோலிக்கர். அதிகாலைப் பூசை பார்த்துவிட்டு ஆடலாமே என்றார்.

"திங்கக்கிழம எனக்குத் தொழில் இருக்கே சார்வாள். ஞாயித்துக்கிழமன்னா கடலுக்குப் போவ மாட்டோம்" என்று மெதுவாகச் சொன்னார்.

நடுவர் ஆசீர்வாதம், ட்ரில் வாத்தியார், எங்கள் சபைக்காரர். திங்கட்கிழமை என்று எழுதிவிட்டார்.

மச்சான் பிடிக்கும் கயிறு

லியோனின் தொழிலைச் சொல்ல வேண்டும். அவர் கயிறு பிடிக்கிறவர்.

சங்கு எடுக்கக் கடலுக்குள் இறங்குகிற ஆளின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனை வள்ளத்தில் ஒருவன் கையில். கீழே இருப்பவன் கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம்; ஒரு பாகம் என்றால் ஆறடி. நொடி தாமதித்தாலும் ஆள் போச்சு. முத்துக்குளி நடந்த நாளிலிருந்து அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு: கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். அதாவது, கடலில் முங்குகிறவனுடைய பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். கூடப்பிறந்த தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். தன் அக்காள் தங்கச்சி தாலி அறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் என்கிற கணக்கு.

லியோன் தன் தங்கச்சி புருஷன் சூசைக்குக் கயிறு பிடித்தார். பதினைந்து வருஷமாக. சூசையும் வேறு கையை நம்பி இறங்கியதில்லை. லியோனுக்கு ஆபீஸ் வேலை கிடைத்துவிட்டால் தானும் கடலை விட்டுவிடுவதாக மாதா கோயிலில் நேர்ந்திருந்தார். ஆக, அந்த ஓர் ஆட்டத்தில் இரண்டு பேர் கரையேற வேண்டியிருந்தது.

"அசைவு வந்தாத்தான் இழுப்பீங்களா?" என்று ஒரு முறை லியோனிடம் கேட்டேன்.

"அசைவுக்குக் காத்திருந்தா முடியுமா சார்வாள்? அவன் முங்கும்போது நானும் மூச்ச அடக்கிக்கிடுவேன். எனக்கு முட்டுச்சின்னா அவனுக்கும் முட்டும்லா."

அந்தத் திங்கட்கிழமை சூசை வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வாரமாகக் கலங்கிக் கிடந்த தண்ணீர் அன்றைக்குத்தான் தெளிந்தது. எல்லா வள்ளமும் இறங்கின. "நீ போயி ஆடு மச்சான். இன்னைக்கு நீ ஜெயிச்சிட்டா நாளைக்கு எனக்குக் கயிறே வேண்டாம்" என்று சூசைதான் அவரைத் தள்ளி அனுப்பினாராம். கயிற்றைப் பக்கத்து வீட்டு மிக்கேல் பிடித்தான்.

இதெல்லாம் ஆட்டத்துக்கு முன் லியோனே சொன்னது. சொல்லிவிட்டு, "ஒரு நாள்தான?" என்று என்னிடம் கேட்டார். நான் என் காய்களை நேராக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கரையில் இருந்தபடி

இங்கே கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வருகிறேன்.

முத்துக்குளி நடந்த காலத்தில் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருப்பார். சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் கடலுக்குள் இறங்க மாட்டார். கரையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். வள்ளம் எல்லாம் திரும்புகிற வரை எழுந்திருக்கக் கூடாது. பங்குச் சாமியார் கண்டித்தாலும் கடல்கட்டி வராமல் ஒருவனும் தண்ணீரில் கால் வைக்க மாட்டான்.

இதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கரையில் உட்கார்ந்த மனுஷன் நாலைந்து மைலுக்கு அப்பால் தண்ணீருக்குள் ஒரு காரியம் பண்ண முடியுமா? "அப்ப நம்ம பாய்லரையும் வீட்டுல இருந்தே பாத்துக்கிடலாமே அண்ணாச்சி" என்பான் எங்கள் போர்மேன்.

சிரிக்காத இடம் ஒன்றும் உண்டு. கொற்கையில் என் மாமாவுக்கு வயல் இருந்தது. உழுதால் கலப்பைக் கொழுவில் சிப்பி தட்டும், சங்கு தட்டும். கடல் அங்கிருந்து எவ்வளவோ தூரம் போய்விட்டது. ஆனாலும் மத்தியான வேளையில் வரப்பில் தனியாக நின்றால் காலுக்குக் கீழே தண்ணீர் இருப்பது போலவே இருக்கும். ஈரம் இருக்காது, சத்தம் இருக்காது, ஆனால் இருக்கும். மாமாவிடம் சொன்னால் வெயில் என்பார். நானும் வெயில் என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

ஆலைச் சங்கு

மண்டபத்துக்கு வருவோம்.

பலகையில் மிச்சம் ஐந்தே காய். அவருக்கு ராஜா, யானை, ஒரு சிப்பாய். எனக்கு ராஜா, யானை. அவருடைய சிப்பாய் இன்னும் ஓரடி வைத்தால் ராணியாகிவிடும். ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தை அவருடைய ராஜாவே அடைத்துக்கொண்டு நின்றது. ராஜா வெளியே வந்தால் என் யானை செக் மேல் செக் கொடுத்து விரட்டும். இதற்கு எல்லாரும் அறிந்த மருந்து ஒன்று உண்டு. யானையை நாலாம் வரிசைக்கு ஏற்றி வைத்துவிட வேண்டும். பிறகு ராஜா வெளியே வந்து, கட்டம் கட்டமாக இறங்கி, அந்த யானையின் பின்னால் ஒதுங்கிவிடும். என் செக்கெல்லாம் தீர்ந்துவிடும்.

லியோன் கப்பல்காரர்களிடம் ஆட்டம் படித்தவர். இது அவருக்குத் தெரியாதா? இடது கையை எடுத்தார். அவர் இடதுகைக்காரர். யானையின் தலைமேல் இரண்டு விரல் வந்து நின்றது, தொடவில்லை.

அந்தக் கை அப்படியே பின்வாங்கி மேஜைக்குக் கீழே போனது. அப்போதுதான் மூச்சுச் சத்தம் நின்றது.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம். முகம் சிவந்தது. ஒன்றரை நிமிஷம். நெற்றி நரம்பு புடைத்தது. இரண்டு. உதட்டில் நீலம் ஏறியது. நடுவரைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது, கூப்பிடவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயந்துவிட்டேன். ஜன்னல் வழியாக வெயில் கொட்டுகிறது, சுற்றிலும் இருபது பேர் நிற்கிறார்கள், எனக்கு உள்ளங்கால் சில்லிட்டுப்போனது.

திடீரென்று அவருடைய தோள் இரண்டும் அசைந்தன. ஒரு நீண்ட இழுப்பு. இன்னொன்று. அப்புறம் வெடுக்கென்று ஒரு வெட்டு. மேஜை ஆடி என் ராஜா சாய்ந்தது. மறுபடியும் இரண்டு நீட்டு, ஒரு வெட்டு. எத்தனை முறை என்று எண்ணவில்லை.

பிறகு 'ஹா' என்று மூச்சை விட்டார். கோயிலில் பேசுகிற தாழ்ந்த குரலில், "வந்துட்டான்" என்றார்.

அதே நொடி பஞ்சாலைச் சங்கு ஊதியது. மணி பன்னிரண்டு.

"டிரா வச்சுக்கிடுவோமா சார்வாள்? நான் போவணும்." எழுந்தே விட்டார்.

ஆசீர்வாதம் கையை நீட்டித் தடுத்தார். "என்ன வே இது! மொதல்ல காய நவுத்தும், அப்புறமால்லா டிரா கேக்கணும்…"

நடுவர் சொன்னது சட்டம். லியோன் குனிந்து ஒரு காயை நகர்த்தியாக வேண்டும். எந்தக் காய், எந்த வரிசை என்று எனக்குத் தெரியும். நடுவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் கத்தினேன்: "எனக்குச் சம்மதம்! டிரா!"

லியோன் என் கையைக் குலுக்கிவிட்டு ஓடினார். அந்த உள்ளங்கை ஈரமாக இருந்தது. கொதித்தது.

சுருளின் திசை

ஆட்டத் தாளில் அவர் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். "ரெண்டு பேரு கையெழுத்தும் இல்லாம முடிவு செல்லாது. சாயங்காலத்துக்குள்ள வாங்கிட்டு வாரும்" என்றார் ஆசீர்வாதம். வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது வள்ளங்கள் கரை சேர்ந்திருந்தன.

சூசை மணலில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு. வெயிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார், கையில் கடுங்காப்பி. லியோன் பக்கத்தில் குந்தி அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கயிறு பிடித்த மிக்கேல் என்னைப் பார்த்ததும் போலீஸைப் பார்த்தவன் போல எழுந்து நின்றான்.

"தப்புதான் அண்ணாச்சி. பக்கத்துல இன்னொருத்தன் மூக்குல ரத்தம் வடிய மேல வந்தான். எல்லாருமா அந்தப் பக்கம் போயி அவனத் தூக்குனோம். நான் இவன் கயித்தக் கம்புல கட்டிட்டுத் திரும்பிட்டேன்."

மச்சான் கயிற்றைக் கட்ட மாட்டான். கம்பில் கட்டிய கயிற்றை எவ்வளவு ஆட்டினாலும் யாருக்குத் தெரியும்?

"மூணு தடவ ஆட்டுனேன் சார்" என்றார் சூசை. "மேல ஒரு அனக்கமும் இல்ல. அவ்வளவுதான்னு கண்ண மூடிட்டேன். அப்பதான் இழுத்தான். எம் மச்சான் இழுப்பு எனக்குத் தெரியாதா? ரெண்டு நீட்டு, ஒரு வெட்டு. தலையத் தூக்குதேன், ஆலைச் சங்கு ஊதுது."

"நீதானப்பா இழுத்திருப்ப?" என்று மிக்கேலைக் கேட்டேன். அவன் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது எனக்கு.

"மாதா மேல சத்தியமா இல்ல. திரும்பிப் பாக்கேன், இவன் வள்ளத்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கான். கயிறு முழுக்க உள்ள கெடக்கு. அங்கன பாருங்க, நான் தொடவே இல்ல."

வள்ளத்துக்குள் பார்த்தேன். ஈரக் கயிறு அழகாகச் சுருண்டு கிடந்தது. பக்கத்து வள்ளங்களிலும் சுருள்கள் கிடந்தன. அவை எல்லாம் வலப்பக்கமாகச் சுற்றியவை. இது இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

மிக்கேல் வலதுகைக்காரன். அவன் காப்பித் தம்ளரை எந்தக் கையில் பிடித்தான் என்றுகூட நின்று பார்த்தேன்.

சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்து லியோனிடம் நீட்டினேன். இப்போது யோசித்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. தாளில் கையெழுத்து விழவில்லை, அதுவரை முடிவு முடிவல்ல. "நீங்க ஜெயிச்ச ஆட்டம் இது, நான் தோத்துட்டேன்னு எழுதித் தாரேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். மறுநாள் அவருக்கு நாற்காலி. சூசைக்குக் கரை. நான் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன்.

லியோன் இடது கையால் கையெழுத்துப் போட்டார். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்காகத் தோல் வழண்டு செக்கச்செவேலென்று இருந்தது, கயிறு அறுத்த கோடு. தாளின் ஓரத்தில் அந்தக் கையின் ஈரம் பதிந்தது. காலையில் ஆட்டம் தொடங்கும்போது கை குலுக்கினோமே, அப்போது அந்தக் கோடு இருந்ததா? நான் பார்க்கவில்லை. பழைய காயமாக இருக்கலாம். மிக்கேல் பதற்றத்தில் இழுத்துவிட்டு மறந்திருக்கலாம். சூசை கயிற்றைப் பிடித்துத் தானே ஏறி வந்திருக்கலாம். ஆயிரம் 'இருக்கலாம்' என்னிடம் உண்டு. அந்தச் சுருளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

நனைகிற தாள்

கோப்பை வந்தது. கிரேஸ் அதைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். கம்பெனி மானேஜர் லியோனிடம், "சாம்பியன்னுதானவே சொன்னேன்" என்று கையை விரித்துவிட்டாராம். லியோன் மறுபடியும் கயிற்றுக்குப் போனார். அதன்பின் ஒரு நாளும் அதை வேறு கையில் கொடுக்கவில்லை. போட்டிக்கும் வரவில்லை.

இரண்டு பருவம் கழித்துச் சூசை இறந்தார். கடலில்தான். கயிறு லியோன் கையில்தான் இருந்தது.

துக்கத்துக்குப் போனேன். லியோனின் தங்கச்சி சுவரோடு சாய்ந்து கிடந்தாள். லியோன் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அசைவு வந்ததும் இழுத்தேன் சார்வாள். இழுத்த இழுப்புக்கு வந்தான். மூச்சுதான் வரல."

அந்த மூக்குச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"நாலாம் வரிசைக்கு யானை. அதான?"

"ஆமா" என்றேன்.

"நானும் அதத்தான் தொடப் போனேன்… நீங்க அன்னைக்கே பாத்திருந்தீங்களா சார்வாள்?"

ஒரு மனிதன் சாவு வீட்டில் பொய் சொல்லலாமா? சொன்னேன். "இல்ல லியோன். வீட்டுக்குப் போயி போட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது."

அவர் தலையை ஆட்டினார். நிம்மதிபோலக்கூட இருந்தது. "அப்ப சரிதான். நீங்க பாக்கலன்னா அது டிராதான்" என்றார்.

ஆசீர்வாதம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த ஆட்டத் தாள் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைக்காற்று தொடங்கியதும் அந்தத் தாளின் ஓரம் நனைகிறது. கை வைத்த இடம் மட்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இது பள்ளிப் பாடம். வியர்வையிலும் உப்பு உண்டு. கிரேஸிடம் இதை ஒவ்வொரு வருஷமும் விளக்கிச் சொல்கிறேன். "நான் ஒண்ணுமே கேக்கலியே" என்பாள் அவள்.

லியோன் தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் தெரிவதில்லை. இந்தத் தொடரை மகள் வாரா வாரம் வாசித்துக் காட்டுகிறாளாம். நடுவில் நிறுத்தாமல் இந்த வரி வரை வாசித்துவிடு, அம்மா.

பார்த்திருந்தேன், லியோன். உங்கள் கை யானைமேல் வருவதற்கு முன்னாலேயே பார்த்திருந்தேன்.